உச்சுக் கொட்டிய தாதி

அந்த மலையூரில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு மனிதர் அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். “ஏய், மொப்பை எடுத்துக்கொண்டு வா. அம்மாவின்ரை அறையிலை தண்ணி கொட்டிப்போச்சு.” நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். நெஞ்சில் ‘தாதி’ என்று இத்தாலியனில் எழுதிய அட்டை குத்தியிருந்தது. கையில் பிரஷர் பார்க்கும் கருவி. இவ்வளவும் அந்த மனிதரின் கண்ணில் படவில்லை. என் தோல் மட்டும் பட்டது.

மொப்பைக் கொண்டுபோனேன். முதலில் கட்டிலில் கிடந்த தாயின் பிரஷரைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். பிறகு மொப்பை மகனின் கையில் கொடுத்தேன். “கிளாசைத் தட்டி ஊத்தினது நீங்கள்தானே? துடையுங்கோ.” அவர்கள் பேசியது சிசிலி மொழி, நான் பேசியது அரைகுறை இத்தாலியன். எழுதும்போது எல்லாரையும் எங்கள் தமிழில்தான் கதைக்க வைக்கிறேன், அதுவும் ஒரு திருப்திக்குத்தான்.

மகனின் முகம் சிவந்தது. தாய் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். எண்பது தாண்டிய விதவை அவள். அதுவரை என்னை ‘லா நேரா’, அதாவது கறுப்பி என்றுதான் கூப்பிட்டாள். அதற்குப் பிறகும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஆனால் குரல் மாறிவிட்டது. எங்கள் வீட்டிலும் என்னைக் கறுப்பி என்றுதான் அழைத்தார்கள், ஆனபடியால் அதற்காக மூக்கைச் சிந்த நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

அந்த வெள்ளைச் சட்டைக்காக நான் ஆறு வருடம் காத்திருந்தவள். மன்னார் ஆசுபத்திரியில் தாதியாக இருந்தேன். சண்டை எங்களைத் தூக்கிச் சிசிலியின் பலெர்மோ நகரில் போட்டது. ஆறு வருடமும் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் சேர்ட் மினுக்கினேன், வெள்ளிக் கரண்டி துடைத்தேன். என் கணவர் இன்னொரு வீட்டில் சமையல். கபோச் சந்தைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஒவ்வொரு சம்பளத்துக்கும் என் தாதிச் சான்றிதழில் ஒரு முத்திரை கூடிக்கொண்டு போனது. மற்றச் சனம் பாப்பரசரைப் பார்க்க ரோமாபுரிக்குப் போகும். நான் அங்கே அமைச்சில் கிடந்த என் கடதாசியைப் பார்க்கப் போனேன். கடைசியில் பரீட்சை எழுதிப் பாசாகி, “நீ இஞ்சையும் தாதிதான்” என்று எழுத்தில் வாங்கினேன்.

வாங்கி என்ன? பலெர்மோவில் ஏறாத கிளினிக் இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். “கூப்பிடுவோம்” என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது ஒரேயொரு இடம். பகேரியாவுக்கும் அப்பால், மலைமேல் ஒரு சின்ன ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லம். அங்கே தாதியின் இடம் எட்டு மாதமாகக் காலியாக இருந்தது. பலெர்மோவிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸையும் பனிப்புகாரையும் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிவிடுவார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னாரில் நான் இருந்தபோது, கொழும்பிலிருந்து நியமனம் பெற்று வரும் டாக்குத்தர்மார் வெயிலையும் உப்புக்காற்றையும் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்க முன்னமே மாற்றம் கேட்டு எழுதுவார்கள். அவர்கள் வராத வாட்டுகளில் நாங்கள்தான் எல்லாம் பார்த்தோம். ஒருவரும் வரமாட்டேன் என்கிற ஆசுபத்திரி எனக்குப் புதிதா என்ன?

“விடிய வெள்ளன எழும்பி நடந்து, றெயின் எடுத்து, பிறகு பஸ் எடுத்து… உனக்கென்ன விசரே?” என்றார் கணவர்.

“ஓம், விசர்தான்,” என்றேன். அடுத்த நாள் விடிய ஸ்தாசியோனே சென்ட்ராலே றெயில் நிலையத்தில் நின்றேன்.

முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். பிடித்தால் வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் திரும்பவும் வெள்ளிக் கரண்டிதான். அந்தப் பயம் நான் பஸ் ஏறும் நாளெல்லாம் கூடவே ஏறியது.

இரண்டரை மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு காலை அந்தக் கிழவியைக் குளிக்க வார்க்கும்போது, இடது கால் விரலிடுக்கில் ஒரு கறுப்பைக் கண்டேன். அவளுக்குச் சீனி வருத்தம். மன்னாரில் இப்படி எத்தனை காலைப் பார்த்திருப்பேன்! இல்லத்தை நடத்திய மதரிடம் ஓடினேன். கிழமைக்கு இரண்டு தரம் மட்டும் வருகிற டாக்டரை அன்றே வரவழைத்தோம். காலைப் பார்த்தவர், “நல்லகாலம் கண்டாய். இண்டைக்கே பலெர்மோவுக்குக் கொண்டுபோக வேணும். நாளைக்கெண்டால் கால் போயிடும், பிறகு ஆளும் போயிடும்” என்றார். பெருமையில் எனக்குத் தலை முகட்டில் முட்டியது.

அம்புலன்ஸ் வந்தது. மகனும் வந்தார். கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “கறுப்பி, நான் திரும்பி வருவனோ?”

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. ஐயோ பாவம் என்று நினைத்தேன். “கட்டாயம் வருவியள்” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையை உதறிவிட்டாள். முகம் வெளிறியது. சிலுவை அடையாளம் போட்டாள். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் போகமாட்டன். இஞ்சையே சாகிறன். வரமாட்டாயெண்டு கறுப்பியே சொல்லிப்போட்டாள்” என்று கத்தினாள்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை!” என்று நானும் கத்தினேன். மகன் என் மேல் பாய்ந்தார். மதர் என்னை வெளியே இழுத்து வந்தார்.

“நீ சொன்னாய். நானும் கண்டன்,” என்றார் மதர். “இப்படி.” முகம் நிமிர நாடியை மேலே தூக்கி, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தார். உச்.

சிசிலியில் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம். தெரியாதா எனக்கு? ஆறு வருடமாகக் கபோவில் மீன்காரனிடம் விலை குறைக்கச் சொல்லி அந்த உச்சை வாங்கிக் கட்டியவள் நான். ஆனால் நானும் உச்சுக் கொட்டுகிறவள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. யாராவது துன்பத்தைச் சொன்னால் எங்கள் சனத்தின் நாக்கு தானாகவே உச்சுக் கொட்டும். அது ‘ஐயோ பாவம்’. கடவுளே, இந்த இரண்டரை மாதமாக எத்தனை பேருக்கு நான் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லித் திரிந்தேனோ!

மதரிடம் விளக்கினேன். அவர் நம்பினாரோ என்னவோ. “அவ இண்டைக்குப் போகாட்டி, நீ நாளைக்கு வரத் தேவையில்லை,” என்றார்.

உள்ளே போனேன். “சிஞ்ஞோரா, எங்கடை ஊரிலை அந்தச் சத்தத்துக்கு வேறை கருத்து. உங்களிலை இரக்கப்பட்டனான்,” என்றேன்.

“இல்லையெண்டால் எல்லா ஊரிலும் இல்லைதான்,” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அதோடு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தாலியன் கைவிட்டுவிட்டது. “எழும்பணை! காலைக் காப்பாத்தவெண்டு நான் ஓடித்திரியிறன், நீ கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறியே? ஒரு சத்தத்துக்குப் பயந்து உயிரைக் குடுக்கப் போறியோ?” என்று சுத்தத் தமிழில் ஏசினேன். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் சாகப்போகிறவளை யாரும் இப்படி ஏசமாட்டார்கள் என்பது விளங்கிவிட்டது. மெல்லத் திரும்பினாள்.

“என்ன சொன்னாய்?”

“எங்கடை ஊரிலை வெளிக்கிடேக்கை ‘போறன்’ எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். ‘போயிட்டு வாறன்’ எண்டுதான் சொல்லுவினம். சொன்னால் வரத்தான் வேணும். நீங்களும் சொல்லுங்கோ.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “அது எங்கடை சொல்லெல்லோ,” என்றாள். “வாயு எ வேஞ்ஞு.” போறன், வாறன். கபோவில் கடைக்காரர் கோப்பி குடிக்க ஓடும்போது சொல்வதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அது எங்கள் சொல்லேதான் என்று அந்த நிமிடம்தான் எனக்கும் உறைத்தது. கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். மற்றக் கையை எடுக்கவில்லை. “நீயும் ஏறு. நான் செத்தால் உன்னைத்தான் கேட்பன்.”

ஏறினேன். பலெர்மோ வரும்வரை அம்புலன்ஸில் அவள் என் கையை விடவேயில்லை. நானும் நாக்கைப் பல்லுக்குள் கடித்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு விரல் போனது. கால் தப்பியது. ஆளும் தப்பினாள். சரியாக என் தகுதிகாண் காலம் முடிகிற நாளன்று, சக்கர நாற்காலியில் திரும்பி வந்தாள். மகனும் கூட வந்தார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மதரின் அறைக்கு நேரே போய் முறைப்பாடு வைத்தார். “வேறை ஆளே கிடைக்கேல்லையா உங்களுக்கு? இவள் அம்மாவைச் சாகக் கொல்லப் பார்த்தவள். இவளை அனுப்பாட்டி அம்மாவை நான் வேறை இடத்துக்குக் கொண்டுபோறன்.” அவர் நெஞ்சுக்குள் மொப் இன்னும் சாத்தி வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

மதர் என்னையும் கூப்பிட்டார். அவருடைய மேசையில் என் நிரந்தர நியமனக் கடதாசி இருந்தது, கையெழுத்து மட்டும் மிச்சம். “இஞ்சை இருக்கப்போறது உம்மடை அம்மா. அவவைக் கேட்பம்,” என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கிழவியின் பக்கம் குனிந்தார். “சிஞ்ஞோரா, இந்தத் தாதியை அனுப்பிவிடட்டோ?”

ஆறு வருடமும், அத்தனை முத்திரையும், அந்த வெள்ளைச் சட்டையும் ஒரு கிழவியின் வாயில் தொங்கிக்கொண்டு நின்றன. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாடியைத் தூக்கினாள்.

உச்.

பாவம் பார்க்கிறாளே, என் வேலை போய்விட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். காது எப்போதும் தாய்மொழியில்தான் கேட்கும் போல. மதர் பேனாவை எடுத்தார். மகன் தொப்பியை எடுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் சொன்னது ‘இல்லை’. அனுப்பாதே!

அந்த நாற்காலியோடு சேர்த்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். “விடு கறுப்பி, மூச்சு முட்டுது,” என்றாள். அந்த வாட்டில் வெள்ளைச் சட்டையோடு அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். முடிவு தெரியும் நாள் என்று அவருக்கும் தெரியும். நிமிர்ந்து பார்க்கப் பயந்து, பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “என்னப்பா, வேலை போயிட்டுதோ?”

நான் உச்சுக் கொட்டினேன்.

கத்தி நின்றது. “வாயைத் திறந்து சொல்லு. இது எந்த ஊர் உச்சு?”

“இந்த ஊர் உச்சு,” என்றேன்.