பின் சீட்டுக்கு அடியில் மூன்று புள்ளி

பெற்றவர்கள் வைத்த பேர் அவனுடைய லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவன் சம்மட்டி. அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துவது தொழில். நசுங்கிய கதவை ஒரு பார்வை பார்ப்பான், பல்லைக் கடிப்பான், உள்பக்கமிருந்து விடுவான் பாருங்கள் ஒரு அடி, பக்கத்துக் கடை மேஜையில் டீ கிளாஸ் துள்ளும்.

கை எப்படியோ குணமும் அப்படியே. மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். இவனுக்கு மூக்கே கிடையாது, முழுக்கக் கோபம்தான். காயாத பெயின்ட் மேல் கையை ஊன்றிய குற்றத்துக்குப் பட்டறையில் ஒருத்தன் இரண்டு பல்லைத் துப்பினான். வண்டி நிறுத்தும் தகராறில் பக்கத்து வீட்டுக்காரருக்கு விலா எலும்பு போனது. குளியலறைக் கதவில் இவன் முஷ்டி அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதை மறைக்க மனைவி ஒரு காலண்டர் மாட்டியிருந்தாள். ஊர்க் காரையெல்லாம் நிமிர்த்துகிற மகராஜனுக்கு வீட்டுக் கதவை ஒட்டுப்போட மட்டும் நேரமே கிடைக்கவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பக்கத்து வீட்டுக்காரரின் விலாவைப் படம் பிடித்ததே அவள்தான், கொடுமை! அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னாள்.

"இதுதான் கடைசி. இன்னொரு தடவை எந்த மனுஷன் மேலயாவது கை ஓங்கினீங்கன்னா, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். நான் சும்மா சொல்லலங்க."

அவள் எதையும் சும்மா சொல்கிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து கோபம் வந்தால் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொள்வான். பட்டறையில் எல்லோரும் வாய்க்குள்ளேயே சிரித்தார்கள். வெளியே சிரிக்க எவனுக்கும் தைரியம் இல்லை.

இந்த நேரத்தில் மூன்றாவது குழந்தை வயிற்றில் வந்தது. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. இருக்கிற குட்டிக் காரில் இப்போதே ஒருத்தி முழங்கால் இன்னொருத்தி மூக்கில் இடித்தது. "உயரமா, பெட்டி மாதிரி, ஏழு பேர் உட்கார்ற வண்டி வாங்குவோம்" என்றாள் மனைவி. அவனுக்கோ இருபது வருஷ ஆசை வேறு. நீளமான முகம், தாழ்ந்த உடம்பு, மிதித்தால் முதுகைச் சீட்டோடு அறைகிற டர்போ எஞ்சின், தோல் சீட்டு. அப்படி எத்தனையோ வண்டிகளை அடுத்தவனுக்காக நிமிர்த்தியிருக்கிறான். புதுசு வாங்க ஏழு ஜென்மம் வேண்டும், பழசு என்றால் கைக்கு எட்டும்.

ஒரு மாதம் மன்றாடினான். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். "சரி. பின் சீட்டுல மூணு குழந்தை சீட்டும் பக்கத்துப் பக்கத்துல உட்காரணும். உட்கார்ந்தா வாங்கிக்கங்க. உட்காரலைன்னா பேச்சே கிடையாது."

டேப்பும் கையுமாக அலைந்தான் மனுஷன். ஒரு வண்டியில் தோள்பட்டை அகலம் போதவில்லை. இன்னொன்றில் நடுவில் ஒட்டக முதுகு மாதிரி தரை எழும்பி நின்றது. கடைசியாக, கேரண்டி என்று ஊரே கூப்பிடுகிற ஒரு பழைய கார் வியாபாரியின் யார்டில் அது நின்றது. கருநீலம். கேரண்டி வாயைத் திறந்தாலே "கேரண்டி" என்பான். நாளைக்கு மழை பெய்யுமா என்று கேட்டாலும் கேரண்டிதான்.

சம்மட்டி விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். துணியில் சுற்றிய காந்தத்தை மூலை மூலையாக ஒட்டிப் பார்த்தான். எங்கும் பள்ளத்தை அடைக்கிற புட்டிப் பசை இல்லை, எல்லாம் தகரம்தான். பெயின்ட் மட்டும் மறுபடி அடித்தது. "முந்தின ஓனர் வெள்ளை பிடிக்கலைன்னு மாத்திட்டார் மேஸ்திரி" என்றான் கேரண்டி. வேறு எந்த வண்டி என்றாலும் சம்மட்டி இதை நம்பியிருக்க மாட்டான். ஆனால் அவன் அதற்குள் ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்துவிட்டான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல!

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு போனான். மூன்று குழந்தை சீட்டையும் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு சரியாகப் பொருந்தின. நடுச் சீட்டின் கொக்கி மட்டும் மாட்டவில்லை. "அடியில தூசி அடைச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் குழந்தை சீட்டுகளை வெளியே எடுத்துவைத்துவிட்டு, பின் சீட்டு மெத்தையை ஒரு இழுப்பில் தூக்கினான்.

தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

மெத்தைக்கு அடியில், வண்டியின் இரும்புச் சட்டம் வளைகிற மூலையில், ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள் இருந்தன. அது அவனுடைய குத்து. தான் செய்த ஒவ்வொரு வேலையிலும், கண்ணில் படாத இடத்தில் அப்படிக் குத்திவைப்பது அவன் வழக்கம். நாளைக்கு எவனாவது வந்து "நீ தட்டினது பிரிஞ்சிடுச்சு" என்று சண்டை பிடித்தால், தன் வேலையா இல்லையா என்று பார்க்க. இவ்வளவு நேரமும் அடுத்தவனுடைய மட்டமான வேலையைத்தானே தேடினான்? தன் நல்ல வேலை அவன் காதுக்கே அகப்படவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளை வண்டி. லாரி பின்னாலிருந்து ஏறியதில் டிக்கி பின் சீட்டு வரை உள்ளே போயிருந்தது. பழைய இரும்புக்குப் போகவேண்டிய பிணம் அது. கொண்டுவந்தவன், "பார்க்க நல்லா இருந்தாப் போதும், கேள்வி கேட்காதே" என்றான். இவனும் கேட்கவில்லை. நசுங்கிய பின் சட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு, வேறு வண்டியின் துண்டை நாலே நாலு பொட்டு வெல்டிங்கில் ஒட்டி, மேலே புதுத் தகரம் போர்த்தி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். சீட்டில் ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது. அதையும் சோப்புப் போட்டுத் தேய்த்தது இதே கைதான்.

"உங்க குத்துதானே இது?" என்றாள் மனைவி, பின்னாலிருந்து. அவளிடமே எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறான்!

அவன் தலையை ஆட்டினான்.

"பின்னால இடிச்சா தாங்குமா?"

"தாங்காது. டிக்கி நேரா பிள்ளைங்க முதுகுல வந்து நிற்கும்."

அவள் இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பழைய காரில் உட்காரவைத்தாள்.

சம்மட்டி கேரண்டியிடம் போனான். "இந்த வண்டிய யாருக்கும் விக்காத. உடைச்சு இரும்புக்குப் போட்டுடு. பின்னால சட்டமே இல்ல. தட்டினவன் நான்தான்."

கேரண்டி விழுந்து விழுந்து சிரித்தான். "தட்டின உனக்கே இவ்வளவு நேரம் தெரியலையே, வாங்குறவனுக்கு எப்படிய்யா தெரியும்? வேணாம்னா நடையைக் கட்டு."

"விக்க விட மாட்டேன்."

அவ்வளவுதான். பளாரென்று விழுந்தது கேரண்டியின் அறை. சம்மட்டியின் கை இரண்டும் பாக்கெட்டுக்குள் போயின. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. வண்டி கழுவுகிற தடியன் ஒருவன் ஓடிவந்து பின்னாலிருந்து கழுத்தை நெரித்துப் பிடித்துக்கொள்ள, கேரண்டி முழங்காலை மடக்கி வயிற்றில் ஏற்றினான். கீழே விழுந்தவனை இரண்டு பேரும் மிதித்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று சட்டையில் இறங்கியது. ஒரே குத்தில் கேரண்டியின் தாடையைக் கழற்றிக் கையில் கொடுத்திருக்கலாம். கை பாக்கெட்டுக்குள் வெட்டி வெட்டி இழுத்தது. அண்ணன் வீடு, அண்ணன் வீடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதி வாங்கினான்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கேரண்டி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், முகத்தில் உடனே சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி, அவள் தோளில் ஒரு கைக்குழந்தை.

"வாங்க சார், வாங்கம்மா. நீங்க கேட்ட அதே நீல வண்டி. ஒரு கீறல் கிடையாது, கேரண்டி!" சொல்லிக்கொண்டே மெத்தையை அழுத்திப் போட்டுவிட்டுப் பின் கதவைப் பிடித்தான். அந்தப் பெண் குழந்தையோடு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

சம்மட்டி தரையிலிருந்து எழுந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டே தன் காருக்கு நடந்தான். சாவி மனைவியிடம் இருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் பின்னால் நின்ற நீல வண்டியைப் பார்த்தாள்.

"ஆள் மேல இல்லை," என்றான் அவன்.

அவள் டிக்கியைத் திறந்துவிட்டாள். பெரிய சுத்தியல் உள்ளே கிடந்தது.

ரத்தம் ஒழுகுகிற மூஞ்சியோடு, கையில் சுத்தியலோடு ஒருத்தன் வந்து நின்று "அம்மா, குழந்தையோட கீழ இறங்குங்க" என்றால் யார்தான் அலறமாட்டார்கள்? அவள் வீரிட்டுக்கொண்டு இறங்கி ஓடினாள். முதல் அடியில் பின் கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. அடுத்த அடி பக்கத் தகரத்தில். அடுத்தது அதே இடத்தில். எங்கே ஒட்டினோம் என்பது ஒட்டினவனுக்குத்தானே தெரியும்! "சோப்புப் போட்டுக் கழுவினியேடா, பாவி! கழுவினியே!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அடித்தான். ஐந்தாவது அடியில் தகரம் பழந்துணி மாதிரிக் கிழிந்தது. நாலு பொட்டு வெல்டிங்கும் டப் டப்பென்று விட்டுப்போய், டிக்கித் தரை அப்படியே சரிந்து, நடுச் சீட்டின் முதுகில் போய் இடித்து நின்றது.

வந்த புருஷன் அதைப் பார்த்தான். அதுவரை இவனைப் பைத்தியம் என்று கத்திக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

கேரண்டி ஜாக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து முழு பலத்தோடு இவன் தோளில் இறக்கினான். மளுக்கென்ற சத்தம் பழைய கார் வரை கேட்டது. "காறை எலும்பு" என்றாள் மனைவி, தனக்குள்ளேயே. சுத்தியல் கீழே விழுந்தது. சம்மட்டி திரும்பிக் கேரண்டியைப் பார்த்தான். இன்னொரு கை நன்றாகத்தான் இருந்தது. அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் போலீஸ் வந்தது. கேரண்டி பேசினான், இவன் எதையும் மறுக்கவில்லை. "முழு விலையும் நானே கட்டிடுறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்படிப் பார்த்தால், ஆசைப்பட்ட வண்டியை வாங்கியும்விட்டான்!

ஆஸ்பத்திரிக்கு மனைவிதான் ஓட்டினாள். வயிறு ஸ்டீயரிங்கை இடித்தது. பின்னால் சின்னவள் விசும்பிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டி பட்டறைக்கு வந்தப்ப உள்ள ஒரு ஷூ கிடந்துச்சு," என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "சின்னவ சைஸ். தூக்கிக் குப்பையில போட்டேன்."

அவள் சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். அண்ணன் வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று அவன் பயந்தான்.

"இந்த மாதிரி வெட்டி ஒட்டின வண்டி இன்னும் எத்தனை ஓடுது? உங்க மூணு புள்ளியோட?"

"பதினொண்ணு." யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை அவனுக்கு.

"இன்னிக்கு உடைச்சதையும் சேர்த்தா?"

"சேர்த்து."

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

"அப்ப இன்னும் பத்து இருக்கு," என்று சொல்லிக் கியரைப் போட்டாள் அவள்.