என்லார்ஜருக்குப் போன குடை

என் மாமியாருக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை. ஃப்ளெக்ஸைப் பற்றித்தான் பயம். போன வருடம் அவருடைய அண்ணன் இறந்தபோது, ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி அரிமளம் கடைவீதியில் கண்ணீர் அஞ்சலி என்று கட்டிவிட்டார்கள். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களே அதைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுச் சாவு என்று விசாரித்தார்கள். அன்று சாயங்காலமே அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அப்படி ஒண்ணு கட்டுனீங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன், பாத்துக்க. நல்ல படமா ஒண்ணு இப்பவே போட்டுக் குடு. நான் பாத்து சரின்னு சொல்லணும்."

நல்ல படம் என்று அவர் சொன்னது, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காகப் புதுக்கோட்டை ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. ஸ்டுடியோவிலிருந்து நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அந்தப் படத்தை, இவர் மருமகளாக வருவதற்குள் கரையான் தின்றுவிட்டது. அத்தை அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நெகட்டிவ் மட்டும் பழுப்பு உறையில் அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

என் வீட்டுக்காரர் அதை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துப் படமாக்கிக்கொண்டு வந்தார். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"இவ யாருடா?"

"நீதான் ஆத்தா."

"நான் இல்ல. என் தங்கச்சி மாதிரி இருக்கா. கம்ப்யூட்டர்ல போட்டு மூஞ்சிய மாத்திப்புட்டான்."

தங்கச்சியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. படத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் கை படாமல் எடுத்தால்தான் ஒத்துக்கொள்வார் என்று எனக்குப் பட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். வருஷா வருஷம் லென்ஸையும் பிம்பத்தையும் கரும்பலகையில் வரைகிறவளுக்கு இது எம்மாத்திரம் என்று ஒரு கொழுப்பு. செல்போன் கடையாக மாறிக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து, பழைய இரும்புக்குப் போகவிருந்த, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை வாங்கி ஆட்டோவில் ஏற்றிவந்தேன். அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. மேலே விளக்கு, நடுவில் நெகட்டிவ், கீழே லென்ஸ். வெளிச்சம் இறங்கி அடியில் வைத்த காகிதத்தில் படமாக விழும். எங்களுடையதில் லென்ஸும் தூணும்தான் உருப்படியாக இருந்தன.

துருத்தி போல மடியும் கறுப்புப் பையை எலி கடித்திருந்தது. அத்தையின் குடைத்துணியை வெட்டி, உள்ளே கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டிப் புதிதாக மடித்தேன். விளக்குக்கு மூடி இல்லை. அத்தைக்குச் சீராக வந்த தூக்குவாளியைக் கவிழ்த்துப் பொருத்தினேன். அதில் அவர் பெயர் வெட்டியிருந்ததால் மொத்த மெஷினுமே அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்தது போல ஆகிவிட்டது. தலைப்பாகத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அறுந்திருந்தது. கிணற்று ராட்டினத்தை உத்தரத்தில் மாட்டி, கயிற்றின் மறுமுனையில் இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கையைக் கட்டினேன். படக் காகிதத்தைக் கெடுக்காத சிவப்பு வெளிச்சத்துக்குச் சாமி ரூமின் ஜீரோ வாட் பல்பு.

"முருகன் இருட்டுல நிக்கிறாரு. ஒன் மெசினுக்கு வெளிச்சம் கேக்குதாக்கும்" என்றார் அத்தை. ஆனால் குடையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவ்வளவு ஆசை அந்தப் படத்தின் மேல்.

எல்லாம் பூட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வீட்டுக்காரர் டீக்கு இஞ்சி இடிக்க வேண்டும் என்று உலக்கையை அவிழ்த்துவிட்டார். தூக்குவாளியும் விளக்கும் லென்ஸும் மொத்தமாகக் கீழே இறங்கி டொம்மென்று உட்கார்ந்தன. லென்ஸ் பிழைத்தது எங்கள் தாம்பத்தியத்தின் நல்லகாலம்.

மறுபடி கட்டி, சாமான் அறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, ஆன்லைனில் வரவழைத்த படம் கழுவும் மருந்தைத் தட்டுகளில் ஊற்றினேன். அத்தை உள்ளேதான் இருப்பேன் என்று அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சம் காட்டிய காகிதத்தை மருந்தில் போட்டு ஆட்டினேன். முதலில் புருவம் வந்தது, பிறகு கண், பிறகு ஒரு பெண் முழுசாக வந்து எங்களைப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா, நான்தான் இது" என்றார் அத்தை. அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். முந்தானை வலது தோளில் கிடந்தது. மூக்குத்தியும் இடம் மாறியிருந்தது. இயற்பியல் டீச்சர் நெகட்டிவைப் புரட்டிப் போட்டிருக்கிறாள். மானம் போகிற விஷயம். சத்தம் காட்டாமல் உள்ளே போய்ச் சரியாகப் போட்டு இன்னொன்று எடுத்துவந்து நீட்டினேன்.

"திரும்பவும் என் தங்கச்சியக் கொண்டாந்துட்டியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை தன் முகத்தைப் பார்த்ததெல்லாம் கண்ணாடியில்தான். விசேஷ வீட்டு ஆல்பங்களில் தான் இருக்கிற பக்கம் வந்தால் வெடுக்கென்று புரட்டிவிடுவார். இடம் வலமாகிற அந்த முகம்தான் அவருக்குத் தெரிந்த முகம். மற்றதெல்லாம் தங்கச்சி.

இதை நான் விளக்கியதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அப்ப அந்தக் கம்ப்யூட்டர் கடையிலயே இடம் வலமா மாத்திக் குடுன்னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே. குடையாச்சும் மிஞ்சியிருக்கும்." நான் உலக்கையைப் பார்த்தேன். அவர் வெளியே போய்விட்டார்.

புரண்ட படத்தைச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டச் சொன்னார் அத்தை. அடுத்த வாரமே குன்றாண்டார்கோவிலிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் பத்திரிகை வைக்க வந்தார். படத்தைப் பார்த்ததும் பத்திரிகையைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எப்பங்க? ஒரு வார்த்தை சொல்லி விடலையே" என்றார். அத்தை காப்பியோடு வந்து, சீனி போதுமா என்று கேட்டார்.

வந்தவர் தெளிந்து, பாதிக் காப்பி குடித்து, படத்தை மறுபடி பார்த்தார். "முந்தானை மாறிக் கெடக்கே?"

"நான் பாத்த மூஞ்சி இதுதான்" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் போன பொறவு அந்த இன்னொண்ண மாட்டிக்கங்க. அது நீங்க பாத்த மூஞ்சி."

அந்த இன்னொன்று பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அதிலிருப்பவர்தான் எனக்குத் தெரிந்த அத்தை. அவரை வெளியே எடுக்க எனக்கு அவசரமே இல்லை.