ஓடைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டையும் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஏரி, அதன் கரையில் ஒற்றைக் குடில். பஸ் கிடையாது, செல்போனில் டவர் கிடையாது. ஜீப் கொண்டுபோய் இறக்கிவிட்டால், மறுபடி அது வந்து கூட்டிப்போகும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. எங்க ஊர் கண்ணமங்கலத்தில் இல்லாத மழையா, தண்ணியா? ஆனால் என் வீட்டுக்காரர் காலம் பூரா ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே புடவை விரித்துப் போட்டவர். வேலையை விட்ட கையோடு அவர் கேட்டது இது ஒன்றுதான். "ரெண்டு நாள் ஒரு தண்ணி பக்கமா சும்மா உக்காந்துக்கினு இருக்கணும்டி. நீயும் வா."

முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். போன அன்று சாயங்காலம் வரை மனுஷன் ஏரிக்கரையை விட்டு அசையவில்லை. குடிலில் எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்தவள், "இன்னாக்கா, அண்ணன் எழுந்துக்கவே மாட்றாரு?" என்று சிரித்தாள். "வுடு, இன்னிக்கு அவருக்குப் பட்டாபிஷேகம்" என்றேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. பெய்த மழையில் ஜீப் பாதை அறுந்து கிடந்தது. நான் போட்ட கூச்சலில் அந்தப் பெண் ஊருக்குள் ஓடி, தன் புருஷனையும் இன்னும் சில ஆட்களையும் கூட்டிவந்தாள். ஆம்புலன்ஸைத் தார் ரோட்டுக்கு வரச்சொல்ல ஒருவர் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினார். மற்றவர்கள் மூங்கிலில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டி, அவரை அதில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். தார் ரோடு போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துவிடுவார். என் மனசில் அது ஒன்றுதான் ஓடியது.

முன்னால் தூக்கிப்போன அவள் புருஷன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தார். "அண்ணா, பலா மரம் வந்துட்சிங்க. இப்ப எறக்கம், பயப்படாதீங்க." எனக்கு எரிச்சலாக வந்தது. "பேச்ச வுட்டுட்டு சீக்கிரம் போங்கப்பா" என்று சீறினேன். கூட வந்த அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மல்லாந்து படுத்துக்கினு வர்றவருக்கு வானம் மட்டும்தானேக்கா தெரியும்? எங்க போறோம்னு சொல்லிக்கினே போவணும். எங்க வழக்கம் அது."

ஓடை குறுக்கிட்டது. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையேறியதும் ஆட்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். அவள் புருஷன் அவர் முகத்தருகே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணா, ஓடைய தாண்டிட்டோம்ங்க. இனிமே நல்ல பாதை" என்றார். இப்போது மற்றவர்களும் சேர்ந்து பேச ஆரம்பித்தார்கள். "தோ, சாமைக் கொல்லை வேலி வந்துட்சிண்ணா." அதைக் கேட்டு எனக்கும் தைரியம் வந்துவிட்டது. பின்னாலேயே நடந்துகொண்டு, "வூட்டுக்கு வாங்க, உங்கள வெச்சுக்கறேன். இனிமே ஏரி கீரின்னு வாயத் தொறந்தீங்க..." என்று அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அதைப் பார்த்ததும் ஓடப்போனேன். அந்தப் பெண் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இங்க உக்காந்து அழுதுடுக்கா. ஓடையிலயே அண்ணன் பூட்டாரு."

பாவிகளா, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவள் தோளில் அடித்தேன். அடியை வாங்கிக்கொண்டு அவளும் அழுதாள். "அந்தக் காட்டுல சொன்னா உன் காலு எப்டிக்கா நடக்கும்?"

அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. தெரிந்திருந்தால் திட்டாமல், அவரிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசியிருப்பேனே என்று தலையில் அடித்துக்கொள்வேன். கேட்க அவர் ஏது? ஆனால் இப்போது அந்தக் கோபம் போய்விட்டது. ஓடையிலிருந்து தார் ரோடு வரைக்கும் எனக்கு மட்டும் அவர் உயிரோடு இருந்தார். என் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கொஞ்ச தூரத்தை, மூச்சிரைக்கப் பேசிக்கொண்டே, அந்த மலை ஜனங்கள்தான் எனக்கு நீட்டிக் கொடுத்தார்கள்.