மிளகாய்ப் புகை

எங்கள் தெருவில் போகி கொண்டாடிய ஒரே வீடு எங்களுடையதுதான். கொண்டாட்டம் என்று சொன்னால் அந்த வார்த்தைக்கே கோபம் வரும். விடிவதற்கு முன்னால் அம்மா கொல்லையில் ஒரு தேய்ந்த துடைப்பத்தையும் இரண்டு கரித்துணியையும் போட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு தீ மூட்டுவாள். அக்கம்பக்கம் எழுந்திருப்பதற்குள் அணைத்துச் சாம்பலைக் கூட்டிவிடுவாள். கொச்சி மட்டாஞ்சேரியில் பொங்கலுக்குப் பள்ளிக்கூட லீவுகூடக் கிடையாது. ஒரு தடவை வகுப்பில் போகியைப் பற்றிச் சொல்லப்போய், துடைப்பத்தைக் கொளுத்துவதற்கு ஒரு பண்டிகையா என்று பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் பெஞ்சுக்கு அடியில் போகாத குறை. எதற்கு வெட்கப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியாத வயது.

போபாலில் விஷவாயு கசிந்ததே, அதற்கு அடுத்த மாதம் வந்த போகியைத்தான் சொல்ல வருகிறேன். நான் நான்காம் வகுப்பு. அந்த டிசம்பர் முழுவதும் எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை. அப்பா தினமும் பேப்பரை உரக்க வாசிப்பார். கண்ணுக்குள் மிளகாயைக் கொளுத்திப் போட்டதுபோல எரிந்தது என்று அங்கே தப்பித்தவர்கள் சொன்னதாக ஒரு நாள் வாசித்துவிட்டு, மேலே வாசிக்காமல் மடித்து வைத்தார். பள்ளுருத்தி முக்கில் சில இளைஞர்கள் தெருநாடகம் போட்டார்கள். ஒருவன் தலையில் அட்டையால் செய்த புகைக்கூண்டு. மற்றவர்கள் முகமெல்லாம் வெள்ளைப் பொடியோடு நடுரோட்டில் சரிந்து விழுந்து கிடந்தார்கள். பஸ் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. காற்றையும் தண்ணீரையும் கெடுத்தால் நமக்கும் இதே கதிதான் என்று கடைசியில் புகைக்கூண்டுக்காரனே கைகூப்பிச் சொன்னான்.

எங்கள் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, புகை வந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்று கைக்குட்டையை நனைத்தே காட்டினார். நாங்கள் அதை உடனே விளையாட்டாக்கிவிட்டோம். ஒருத்தி ‘கேஸ்’ என்று கத்த வேண்டும், மற்றவர்கள் இருமி இருமிச் சாக வேண்டும். நான் பிரமாதமாகச் சாவேன். வருஷக் கடைசியில் எங்கள் தெருப் பையன்கள் வைக்கோல் கிழவன் ஒருவனைச் செய்து கொளுத்துவது வழக்கம். அந்த வருஷம் அவன் மூக்கிலும் ஒரு ஈரத்துண்டைக் கட்டியிருந்தார்கள். துண்டு ஈரமாக இருந்ததால் கிழவன் லேசில் எரியவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

இப்படி ஊரே புகைக்குப் பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மதராஸிலிருந்து மாமா வந்தார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. எதைப் பார்த்தாலும், எங்க ஊர்ல இதெல்லாம் என்று ஆரம்பிப்பார். எங்கள் போகியைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. ஒரு துடைப்பமா, அக்கா, உன்னை இப்படிப்பட்ட ஊரிலா கட்டிக்கொடுத்தோம் என்றார். மதராஸில் தெருவுக்குத் தெரு டயர் எரியுமாம், புகையில் எதிரே வருகிற ஆள் தெரியாதாம், ஏரோப்ளேன்கூடத் திண்டாடுமாம். எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. இந்த வருஷம் பார், உன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாம் மூக்கில் விரலை வைக்கப்போகிறார்கள் என்று என் தலையில் தட்டினார். சைக்கிள் கடையிலிருந்து பழைய டயர்களைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கிருந்தோ ஒரு சின்ன மேளமும் வந்தது. அம்மா மேளத்துக்கு மட்டும் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். விடியற்காலையில் ஜனங்கள் தூங்குவார்கள், பக்கத்து வீட்டில் சீக்குக் குழந்தை இருக்கிறது, இங்கிதம் வேண்டாமா என்றாள். மேளம் அடித்திருந்தால் ஒருவேளை ஊருக்கு விஷயம் புரிந்திருக்கும். நாங்கள் இங்கிதம் பார்த்தோம்.

பக்கத்து வீடு, நாங்கள் சேச்சி என்று கூப்பிடுகிற மலையாளத்துப் பெண்ணுடையது. எங்கள் கொல்லைக்கும் அவள் கொல்லைக்கும் நடுவே ஒரு தாண்டக்கூடிய மதில்தான். கணவர் மீன்பிடி போட்டில் போனால் திரும்பப் பல நாள் ஆகும். மகன் பாபுவுக்கு நாலு வயது, இழுப்பு நோய். குளிர்காலத்தில் அவன் மூச்சு விடும் சத்தம் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். அம்மா குறிப்பிட்ட சீக்குக் குழந்தை அவன்தான்.

போகியன்று தீ நன்றாகவே பிடித்தது. மாமாவின் டயர்கள் கரும்புகை விட்டு எரிந்தன. நான் மதராஸே எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டதாகக் குதித்தேன். அப்பா போதும் போதும் என்று முணுமுணுத்தார். மாமாவுக்குப் போதவில்லை. சுற்றிப் பார்த்தார், தென்னை மரத்தடியில் ஒரு சாக்கு சாய்ந்து கிடந்தது. அப்பா பஜாரில் மிளகு, மிளகாய் விற்கும் மலைச்சரக்கு வியாபாரி ஒருவரிடம் கணக்குப்பிள்ளை. கிடங்கில் பூசணம் பிடித்த வற்றல் மிளகாயை எருவுக்கு ஆகும் என்று கொண்டுவந்து போட்டிருந்தார். மாமா குப்பை என்று நினைத்து அதை அப்படியே தூக்கித் தீயில் வைத்தார். அப்பா, அது, என்று கை நீட்டியதுதான் எனக்கு ஞாபகம்.

சமையலில் ஒரு மிளகாய் கருகினால் வீடு என்ன பாடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். இது ஒரு சாக்கு. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் உள்ளே போவது காற்றில்லை, நெருப்பு. மாமா ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார், புகை இன்னும் மோசமாகப் பொங்கியது. வாளியைப் போட்டுவிட்டு அவர்தான் முதலில் ஓடினார். அப்பாவும் அம்மாவும் நான் மாமாவோடு போய்விட்டதாக நினைத்து வாசல்பக்கம் ஓடினார்கள். நான் சமையலறையில் அம்மியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே தெருவில் யாரோ ‘கேஸ்’ என்று கத்தியது கேட்டது. கதவுகள் திறந்தன, குழந்தைகள் அழுதன, காலடிகள் படகு ஜெட்டிப்பக்கம் ஓடின. இத்தனை நாள் விளையாடியது நிஜமாகவே வந்துவிட்டது, சாகப்போகிறேன் என்று நம்பினேன். எங்கள் வீட்டுப் புகைதான் என்பதே அந்த நிமிஷம் மறந்துபோய்விட்டது.

பின்வாசல் வழியாக யாரோ உள்ளே வந்தார்கள். ஒரு ஈரத்துணி என் முகத்தில் விழுந்தது.

“மோளே, கண்ணு தொறக்கண்டா. சேச்சியைக் கெட்டிப்பிடிச்சோ.”

ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜெட்டி வரைக்கும் ஓடுவது லேசல்ல. அவள் இருமிக்கொண்டே ஓடினாள். பிறகுதான் தெரிந்தது, புகை வந்தவுடன் பாபுவை எதிர்வீட்டுக்காரர் கையில் கொடுத்து ஓடச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் என் அழுகை கேட்டு மதில் ஏறிக் குதித்திருக்கிறாள்.

ஜெட்டியில் தெருவே நின்றது. ஈரத் துண்டும் ஈர முந்தானையுமாக எல்லோரும் டீச்சர் சொன்னபடி செய்திருந்தார்கள். ஆலுவாப் பக்கம் ஏதோ கம்பெனியில் வெடித்துவிட்டதாம் என்றார் ஒருவர். இல்லை, துறைமுகத்தில் கப்பல் என்றார் இன்னொருவர். மாமா, கப்பலாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் கையைப் பிடித்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

பஜாரில் மூட்டை சுமக்கும் ஒருவர் காற்றை முகர்ந்து, இது கேஸ் இல்லை, மிளகாய், யாரோ மிளகாயைக் கொளுத்தியிருக்கிறான் என்றார். பயம் போன இடத்தில் கோபம் வந்தது. எவனாக இருந்தாலும் அந்தக் கம்பத்தில் கட்டி, கண்ணில் அதே மிளகாயை அரைத்து விடவேண்டும் என்றார்கள். மாமா மெதுவாக அம்மாவுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அதற்குள், கூட்டத்தில் சேச்சியைத் தேடிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் பாபுவைக் கொண்டுவந்தார். அவருக்குப் பாவம், இழுப்புக்காரக் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. தோளில் குப்புறப் போட்டபடியே ஓடிவந்திருக்கிறார். பாபுவின் உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியதே தவிர உள்ளே ஒன்றும் போகவில்லை. சேச்சி என்னை இறக்கிவிட்டு அவனை வாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ பிடிக்க ஒருவர் ஓடினார். கடைசியாகப் புகைக்குள்ளிருந்து வந்தவள் நீதானே, எந்த வீட்டிலிருந்து வந்தது, எதையாவது கண்டாயா என்று மூட்டைக்காரர் கேட்டார்.

சேச்சி ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணும் கண்டில்லா. புகையல்லே, எந்து காணான்.”

ஆட்டோ வந்தது, போய்விட்டாள்.

தெரு வீடு திரும்புவதற்குள் அம்மா முந்திப்போய்ச் சாம்பலைக் கூட்டி மறைத்துவிட்டாள். மறுநாள் பொங்கல். அம்மா பால் பொங்க வைக்கவில்லை. மாமா டிக்கெட்டை மாற்றிக்கொண்டு முதல் வண்டிக்கே ஓடியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாபுவின் மூக்கில் குழாய் இருந்தது. பிழைப்பானா என்று இன்னும் டாக்டர் சொல்லவில்லை என்று நர்ஸ் சொன்னார். பார்க்க வந்திருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர், இதைச் செய்தவன் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்றார். அம்மா பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். சேச்சி எழுந்துவந்து அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழ வேண்டியவள் அவள், எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

வந்தவர் போனபின் அப்பா, சேச்சி, ஒரு விஷயம் சொல்லணும், என்று ஆரம்பித்தார். சேச்சி காத்திருந்தாள். கொஞ்ச நேரமல்ல, நிறைய நேரம் காத்திருந்தாள். கடைசியில், பணமோ மருந்தோ எது வேண்டுமானாலும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள் என்று முடித்தார். சேச்சி தலையை ஆட்டிவிட்டுக் குழந்தை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன்.

“அவங்களுக்குத் தெரியாதில்லையாப்பா?”

“மிண்டாதே, பேசாம வா,” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக முன்னால் நடந்தார். தெரியாது என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். மனசு லேசானது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு ஆரஞ்சுப் பழம்கூட உரித்துத் தின்றேன்.

பாபு பிழைத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் எங்களோடு ஓடி விளையாடவில்லை. படியில் உட்கார்ந்து யார் ஜெயித்தது என்று சொல்லுவான். அம்மா வீட்டில் எது செய்தாலும் முதல் கிண்ணம் மதிலுக்கு அந்தப்பக்கம் போயிற்று. சேச்சியும் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டாள், மரவள்ளிக் கப்பையோ பலாச்சுளையோ இருக்கும். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. மதிலைத் தாண்டி எங்கள் பின்வாசலுக்கு வருகிறவள் தீயின் பக்கமாகத்தான் வந்தாக வேண்டும், பாதி எரிந்த சாக்கைக் காணாமல் வந்திருக்க முடியாது என்று யோசிக்கிற மூளை எனக்கு அப்போது இல்லை. பெரியவர்களுக்கு இருந்திருக்கும். அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருஷம் போகிக்கு அம்மா எதையும் எரிக்கவில்லை. துடைப்பத்தை முதல் நாளே தெருத்தொட்டியில் போட்டுவிட்டாள். நான் அடுப்பங்கரையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. சேச்சி நின்றாள். கக்கத்தில் சுருட்டிய கிழிந்த பாய். அவள் முண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பாபு, கம்பளிச் சட்டையில். எங்களோடு பேசிப் பேசி அவளுக்குப் பாதித் தமிழ் வந்திருந்தது.

“நிங்களோட தீயில இடலாமேன்னு கொண்டுவந்ததாக்கும். போன வர்ஷம் மாதிரி வேண்டா கேட்டோ, சின்னத் தீ மதி, போதும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளுக்குத் தெரியும். தெருவைக் கூட்டப்போகிறாள், அப்பாவைக் கம்பத்தில் கட்டப்போகிறார்கள். கூடத்தில் அப்பா பேப்பரைத் திருப்பும் சத்தம் நின்றுவிட்டது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

“தீயா? எங்களுக்கு அப்படி வழக்கமொண்ணும் கிடையாதே, சேச்சி.”

சேச்சியின் சிரிப்பு உடனே போகவில்லை. அம்மா இன்னும் ஏதாவது சொல்வாள் என்பதுபோல் கொஞ்சம் நின்றாள். கூடத்துப் பக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஓ, எனக்குத் தெற்றிப்போயி, தப்பா நினைச்சுப்போயி, என்று பாயை இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, பாபுவின் கையைப் பிடித்து நடந்தாள். அவன் மட்டும் திரும்பி எனக்கு டாட்டா காட்டினான்.

அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டாள் என்று வியந்தபடி நான் மீதிச் சாயாவைக் குடித்து முடித்தேன்.