ஓமனா டீச்சர் கேட்ட அவசரம்

ஓமனா டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு ரீத்து ஆர்டராகத்தான் வந்து சேர்ந்தது. இந்த மலையாள ஊரில் சவத்துக்கு வைக்கிற மலர்வளையத்தை ரீத்து என்பார்கள். சாலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு பூக்கடை இருக்கிறது. தோவாளையிலிருந்து வந்த வண்டியில் பூ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பெரிய ரீத்து ஒண்ணு வேணும். வெள்ளைப் பூ மட்டும் போதும். நடுவுல எங்க சங்கத்துப் பேரு பெரிசாத் தெரியணும். பத்திரிகைக்காரங்க வாறாங்க."

"யாருக்கு சார்?"

"ஓமனா டீச்சர்னு பழைய பாஸ்கெட்பால் கோச். ராத்திரி ஹார்ட் அட்டாக். காலையில பத்து மணிக்கு நானே வந்து எடுத்துக்கிடுதேன்."

குரலைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. யாரோ கொடுத்த நம்பருக்குப் போட்டிருக்கிறார். "சரி சார்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். அதன் பிறகு ஈரச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சரிடம் படித்த பெண்களும் பெற்றோர்களும் சேர்ந்து இந்த நினைவு மலரைப் போடுகிறீர்கள். டீச்சருடைய சிரிப்பு, டீச்சருடைய பொறுமை என்று எல்லோரும் எழுதியிருப்பீர்கள். நன்றாக எழுதுங்கள். நான் டீச்சருக்குக் கெடுதல் செய்தவரைப் பற்றியும் எழுதப்போகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப்பிழை இருந்தால் என் பேத்தி செல்வி திருத்தட்டும். விஷயத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

வீட்டுக்காரர் போன பிறகுதான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகனோடு இருக்க இங்கே வந்தேன். மகன் லாரி ஓட்டுகிறான். மருமகள் இல்லை. செல்வியை வளர்த்தது நான். டீச்சரை முதலில் பார்த்ததும் இந்தக் கடையில்தான். எதிர்க்கடைக்குத் தாமரைக் கட்டு கொடுக்க வேண்டுமென்றால் செல்வி தெருவைக் கடந்து போக மாட்டாள். இங்கே நின்றபடியே மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் தலைக்கு மேலே வீசுவாள். கட்டு நேராக எதிர்க்கடைக்காரன் மடியில் போய் விழும். ஒரு இதழ் உதிராது. ஒரு நாள் காட்டன் புடவை கட்டிய ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அடுத்த கட்டையும் வீசச் சொன்னார். பார்த்துவிட்டு என்னிடம், "அம்மே, இந்தக் குட்டிக்கு எந்து பொக்கம்!" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "பொக்கையும் இல்ல ஒண்ணும் இல்ல. எம் பேத்திக்குப் பல்லு முப்பத்திரண்டும் வரிசையா இருக்கு. நீங்க போய்ட்டு வாங்க."

மலையாளத்தில் குட்டி என்றால் பிள்ளை, பொக்கம் என்றால் உயரம் என்று பிறகு செல்வி சொன்னாள். டீச்சர் அன்று நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் குடை கையிலிருந்து நழுவி விழுந்தது. மறுநாளே செல்வியை மைதானத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். காலையில் பாஸ்கெட்பால் சங்கத்துக் கோர்ட்டில் பெண் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும். டீச்சர் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். "பந்தை நோக்கண்டா, கூட்டுகாரியை நோக்கு" என்று கத்துவார். பந்தைப் பார்க்காதே, உன்னோடு ஆடுகிறவளைப் பார் என்று அர்த்தம். செல்வியின் உயரத்தைப் பார்த்துப் பனைமரம் என்று தெருவில் கேலி பேசியவர்கள் உண்டு. அவர்கள் பேரெல்லாம் எனக்குத் தெரியும், அது வேறு கணக்கு. அந்தக் கோர்ட்டில் மட்டும்தான் செல்வி கூனாமல் நிற்பாள்.

பிளஸ் டூ முடிந்ததும் மகன் ஒரு மாப்பிள்ளை பார்த்தான். கல்லூரிக்கு அனுப்ப அவனால் முடியாது. அந்தச் சமயத்தில்தான் டீச்சர் சொன்னார், கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது, நன்றாக விளையாடும் பெண்களுக்குப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம், ஸ்காலர்ஷிப் என்று. சங்கம் சில பெண்களைத் தேர்வுக்கு அனுப்பும். அந்தப் பட்டியலில் செல்வி இருந்தாள். இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கல்யாணம். மகன் அப்படித்தான் சொல்லிவிட்டான்.

பெண்கள் கோயம்புத்தூர் கிளம்பும் முந்தின நாள் டீச்சர் சின்னப் பிள்ளைகளோடு கொல்லத்துக்கு மேட்ச்சுக்குப் போயிருந்தார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்க நானே சங்கத்து ஆபீசுக்குப் போனேன். செக்ரட்டரி இருந்தார். பெயரை எழுத மாட்டேன், டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய அப்பா நம் திருநெல்வேலிக்காரர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். என்னைப் பார்த்ததும் தமிழில்தான் உட்காரச் சொன்னார். தமிழில்தான் காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

"செல்வி எப்பக் கிளம்பணும் சார்?"

"செல்விக்கு இப்ப அவசரம் இல்லம்மா."

"அப்படியா சார்? டீச்சர் நாளைக்குன்னாவளே?"

"அவசரம் இல்லம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க."

நல்ல மனுஷன், வயதானவளைப் பதறவிடாமல் பேசுகிறார் என்று கையெடுத்துக் கும்பிட்டு வந்தேன். அந்தக் கும்பிடு இன்னும் என் கையில் எரிகிறது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் கடைக்கு ஓடி வந்தார். "அம்மே, குட்டி எந்தா போகாஞ்ஞது? எல்லாரும் போயல்லோ!" என்றார். செல்வி ஏன் போகவில்லை என்று கேட்கிறார்.

"அவசரம் இல்லன்னு செக்ரட்டரி சொன்னாரே டீச்சர்."

டீச்சர் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அவசரம் இல்லை என்றால் உனக்கு வாய்ப்பு இல்லை, கிளம்பு என்று அர்த்தம். செல்வியின் இடத்தில் செக்ரட்டரியின் தங்கை மகள் போயிருந்தாள். காப்பியைத் தமிழில் கேட்ட மனுஷன் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மலையாளத்தில் வைத்தார். சத்தம் போடாமல் நான் வீட்டுக்குப் போக வேண்டும், டீச்சர் கொல்லத்திலிருந்து திரும்புவதற்குள் வண்டி போய்விட வேண்டும். அதற்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். செக்ரட்டரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஞான் தெளிவா மலையாளத்துல பறஞ்ஞு டீச்சரே. பாண்டிக்காரிக்குப் பாஷை மனசிலாயில்லெங்கில் ஞான் எந்து செய்யும்?" என்றார். பாண்டிக்காரி என்றால் தமிழச்சி, அவளுக்குப் பாஷை புரியாவிட்டால் அவர் என்ன செய்வாராம். அங்கே இருந்த நான்கைந்து பேரும் சிரித்தார்கள். அவருடைய அப்பாவையும் ஒரு காலத்தில் இந்த ஊர் பாண்டிக்காரன் என்றுதான் கூப்பிட்டிருக்கும். பூக்காரக் கிழவி அவசரம் இல்லை என்றதும் கும்பிட்டுப் போன கதையை அவர் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரித்தார் என்றும் கேள்விப்பட்டேன். சிரித்தவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

டீச்சர் அங்கே சண்டை போடவில்லை. வெளியே வந்து, "அம்மே, பொதிச்சோறு கட்டு. நமக்குப் போகாம்" என்றார். பொதி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கட்டுச்சோறு கட்டச் சொல்கிறார் என்று அதற்குள் எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. அன்று மாலையே மூன்று பேரும் ரயிலில் ஏறினோம். ரிசர்வேஷன் இல்லை. கக்கூஸ் பக்கத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்து போனோம்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் விடவில்லை. தேர்வு முடிந்துவிட்டது, லெட்டர் இல்லாமல் உள்ளே போக முடியாது என்றான். டீச்சருக்குத் தமிழ் வராது. வந்த அளவுக்குச் சேர்த்துக் கட்டி, செல்வியை முன்னால் தள்ளி, "அண்ணா, இந்தக் குட்டிக்கு ஒரே ஒரு அவசரம். ஒரே ஒரு அவசரம் மதி அண்ணா" என்று கெஞ்சினார். மதி என்றால் போதும்.

வாட்ச்மேன் செல்வியைப் பார்த்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம், காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். "அட, பொம்பளப் புள்ள. இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? நேராப் போயி இடது கைப் பக்கம் பாத்ரூம். சீக்கிரம் போ கண்ணு" என்று கேட்டைத் திறந்துவிட்டான்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரையும் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன்.

இடது கைப் பக்கத்தில் பாத்ரூமும் இருந்தது, அதை அடுத்துக் கோர்ட்டும் இருந்தது. அங்கே கோச் அம்மா பெண்களை ஆடவிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கீழே கிடந்த பந்தை எடுத்துச் செல்வியிடம் வீசினார். தாமரைக் கட்டு வீசுகிற அதே கையால் செல்வி கோர்ட்டின் அந்தக் கடைசியில் நின்ற பெண்ணுக்கு வீசினாள். கோச் அம்மா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். அந்தி வரை ஆட வைத்துப் பார்த்தார். அப்புறம் இடம் கொடுத்தார். செல்வி இப்போது அங்கே மூன்றாம் வருஷம் படிக்கிறாள். செக்ரட்டரியின் தங்கை மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவளுக்குக் கிடைக்கவில்லை என்று கேட்ட அன்று கடையில் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பழிவாங்கச் செக்ரட்டரி டீச்சரைக் கோர்ட்டை விட்டு வெளியேற்றினார். பழுதுபார்க்கிறோம் என்று சொல்லிப் பூட்டுப் போட்டார்கள். டீச்சர் வந்தால் பூட்டு, வேறு கோச் வந்தால் திறப்பு. டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனார். அங்கே தென்னைமரத்தில் வளையம் கட்டி ஆட வைத்தார். மழை பெய்தால் பந்து சேற்றில் தட்டி எழும்பாது. "தட்டாத பந்தைப் பிடிச்சால் எல்லாப் பந்தும் பிடிக்காம்" என்று சொல்வார், எல்லாவற்றையும் பிடிக்கலாம் என்று அர்த்தம். அந்தத் தென்னைமரத்தடியிலிருந்து வருஷா வருஷம் பெண்கள் ஸ்காலர்ஷிப்பில் போனார்கள். சென்னைக்குப் போனாள் ஒருத்தி, பெங்களூருக்கு ஒருத்தி. போன மாதம் ஒரு பிள்ளை ஆடுவதை டீச்சர் போனில் வீடியோ எடுத்து அனுப்ப, அமெரிக்காவில் ஒரு கல்லூரி கூப்பிட்டிருக்கிறது. அடுத்த வாரமே பத்திரிகையில் அந்தச் செக்ரட்டரி, "எங்கள் சங்கம் வளர்த்த குட்டி" என்று பேட்டி கொடுத்தார்.

பேப்பரைக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினேன். "போகட்டே அம்மே. குட்டிகள் போயாற் போதும். எனிக்கு ஆரோடும் பகை இல்லா" என்றார்.

"எனக்கு இருக்கு டீச்சர்" என்றேன்.

"என்றால் எனிக்கும் சேர்த்து அம்மா வச்சோளூ" என்று, தனக்கும் சேர்த்து என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

ரீத்து எடுக்க, போன் போட்ட அதே செக்ரட்டரி காரில் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். என் முகம் அவருக்கு நினைவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற மரு வரைக்கும் அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. நான் செண்டுமல்லியும் அரளியும் வைத்து டீச்சருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன்.

"ரீத்து ஆச்சாம்மா?"

"அவசரம் இல்ல சார்."

"சரி சரி, பொறுமையா நல்லாக் கட்டுங்க. ஃபோட்டோவுல வரும்" என்று எதிரில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். இரண்டு தடவை வந்து கேட்டார். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன்.

செல்வி கோயம்புத்தூரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மாலையை அவள் கையில் கொடுத்தேன். கடையை இழுத்து மூடினேன். அவர் ஓடி வந்தார்.

"ஏம்மா, எங்க என் ரீத்து? நேரமாச்சே!"

"அதான் சொன்னேனே சார், அவசரம் இல்லன்னு."

"அவசரம் இல்லன்னு சொன்னா? அங்க பாடி எடுத்திருவாங்க!"

"நான் தெளிவா மலையாளத்துலதான் சொன்னேன் சார். உங்களுக்குப் பாஷை மனசிலாகலைன்னா நான் என்ன செய்யட்டும்?"

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். கையில் கார் சாவியோடு சாலை நடுவில் நின்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அது போதவில்லை. இருந்தாலும் நன்றாக இருந்தது. ஆட்டோவில் ஏறினோம். டீச்சரை எடுக்கும்போது மேலே பிள்ளைகள் போட்ட மாலைகள் மட்டும்தான் இருந்தன. சங்கத்தின் பெயர் எதிலும் இல்லை. பத்திரிகையில் வந்த ஃபோட்டோவில் இருப்பது செல்வியும், டீச்சர் அனுப்பிவைத்த மற்றப் பெண்களும்தான்.

டீச்சரின் விசில் யாரிடம் இருக்கிறது, குடை யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தன் பகையை டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்த அன்று இருந்தது போலவே இருக்கிறது. வாட விடமாட்டேன்.

— இசக்கியம்மாள், பூக்கடை, சாலை