ஹார்பர் காலு

நர்ஸ் நடக்கச் சொன்னபோது கோதண்டம் மேஸ்திரிக்குச் சிரிப்புதான் வந்தது.

திருவொற்றியூரில் கடலோரச் சாலையை ஒட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு அது. வாசலில் சாமியானா கட்டிச் சர்க்கரை நோய்க்கு முகாம் போட்டிருந்தார்கள். விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுத்த நர்ஸ் ரமாபாய், மெஷினைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காலைல எழுந்து வேகமா நடங்க ஐயா. கால்ல செருப்பு இல்லாம நடக்காதீங்க. சர்க்கர இருக்கறவங்க கால பத்திரமா பாத்துக்கணும்."

"வாழ்க்க பூரா நட்ந்துதாம்மா ஆளு இப்டி ஆயிகீறேன்."

"அது வேலைங்க ஐயா. இப்பதான் வேலை இல்லியே."

சிரிப்பு அடங்கிப்போனது. அந்தப் பெண் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருந்தும் ஊசியைவிட அது ஆழமாக இறங்கியது.

துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிய கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர் கோதண்டம். கப்பலில் வந்த கோதுமையும் யூரியா உரமும் அவர் ஆட்களின் முதுகில் ஏறித்தான் கிடங்குக்குள் போயின. பிறகு கன்டெய்னர் வந்தது. நூறு பேர் முதுகில் சுமந்ததை ஒரு கிரேன் பெட்டியோடு தூக்கி லாரியில் வைத்தது. சொச்சப் பணத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புத்தாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆவதற்குள், பாறை மாதிரி இருந்த ஆட்களெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உப்பிப்போனார்கள். உழைத்தபோது தின்ற சோற்றின் அளவை மட்டும் யாரும் குறைக்கவில்லை. ஆளுக்கு ஆள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தபடி, "இந்தப் பொட்டிதான் நம்ப வவுத்துல அட்ச்சது" என்று திட்டுவது ஒன்றே அவர்களுக்கு மிஞ்சிய உழைப்பு.

மறுநாள் கோதண்டம் நடந்தார். லாரி வரிசைக்கும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கும் நடுவே ஒரு மண் தடம் உண்டு. அதில் கிழக்கு வெளுக்கும் நேரத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு.

முதலில் கேலி பேசியவன் சண்முகவேல். அந்தக் கூட்டத்திலேயே வாய் நீளம் அவனுக்குத்தான்.

"இன்னா மேஸ்திரி, காலங்காத்தால எங்க? கப்பல் எதுனா வந்துகீதா?"

"சக்கரைக்கு நடக்கறேன்டா."

"மூட்ட இல்லாம சும்மா நட்ந்தா கூலி யாரு குடுப்பா? பைத்தியம் புட்ச்சவன்னு போலீசுகாரன் இஸ்த்துகினு பூடப்போறான்."

கோதண்டம் நடந்துகொண்டே இருந்தார். அடுத்த முகாமில் அவருடைய சர்க்கரை பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. ரமாபாய் எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே வரதன் வந்து நின்றான்.

வரதன் அவருக்குத் தம்பி மாதிரி. கிடங்கில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் உயர அடுக்குவதை அட்டி போடுவது என்பார்கள். உச்சிக்குப் போகச் சாய்த்த பலகைமேல் முதுகுச் சுமையோடு ஏற வேண்டும். அந்தப் பலகையில் வரதன் ஏறினால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்படிப்பட்டவன் இப்போது மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினான். அவனுக்கும் சர்க்கரை, கோதண்டத்தைவிட முற்றியது.

"நானும் வர்ட்டா மேஸ்திரி? தாயம்மா தொல்ல தாங்கல. மேஸ்திரி கூட்டிகினு போனாதான் நீ நடப்ப, இல்லாங்காட்டி பெஞ்சிலயே குந்திகினு சாவப்போறன்னு சொல்லுது."

பின்னாலேயே அவன் பெண்சாதி தாயம்மா வந்தாள். "ஆமா அண்ணாத்தே. உன் பேச்சத்தான் கேக்கும். இத்த உன் கைல குட்த்துட்டேன்."

வரதன் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். கடைசியில் சண்முகவேலும் வந்தான். காலையில் கூப்பிட்டு வைத்துத் தலை எண்ணி, வரிசையாக நடத்திக்கொண்டு போகும்போது கோதண்டத்துக்கு மறுபடி மேஸ்திரி ஆகிவிட்ட மிதப்பு. ஆட்களுக்கும் அப்படித்தான். பெட்டி வந்து கலைத்துப்போட்ட கூட்டம் மறுபடி கூடியது. மணலிப் பக்கத்து ஆலைகள் விடிகாலையில் திறந்துவிடும் புகை மூக்கில் ஏறினாலும், துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு பழைய கதை பேசியபடி நடந்தார்கள். சர்க்கரை இறங்கியது. தூக்கம் வந்தது. வரதன் மாடிப்படியில் நிற்காமல் ஏறினான்.

நடக்கத் தொடங்கிய முதல் வாரம் வரதன் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் வந்தான். கோதண்டம் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாடா இது?"

"செருப்பு."

"அது தெர்து. அட்டிப் பலக ஏறுன காலுக்கு இன்னாத்துக்குன்றேன். ஆபீசு குமாஸ்தாவா நீ?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் தெரியும். பலகையில் செருப்போடு ஏறினால் வழுக்கும், மூட்டையோடு கீழே விழுந்து முதுகெலும்பு போகும். அதனால் கிடங்கு வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றாதவனை மேஸ்திரி சேர்க்கமாட்டார். நாளாக நாளாக உள்ளங்கால் தோல் தடித்துக் கல்லாகும். கண்ணாடிச் சில்லை மிதித்தாலும் இறங்காது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹார்பர் காலு. பெண் கொடுக்க வந்தவர்கள்கூட மாப்பிள்ளையின் பாதத்தைப் பார்த்துத்தான் உழைப்பாளியா இல்லையா என்று முடிவு செய்தார்கள்.

நர்ஸ் சொன்ன இரண்டில் ஒன்றைக் கோதண்டம் கூட்டத்துக்குச் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து அல்ல. அது தங்களைப் போன்ற ஆட்களுக்கான பேச்சு என்றே அவருக்குத் தோன்றவில்லை. வரதன் செருப்பைக் கழற்றிக் கருங்கல் சந்தில் செருகிவிட்டு நடந்தான். அடுத்த நாள் செருப்பில்லாமலே வந்தான்.

துறைமுக வாசல் திறக்கும்வரை நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்கள் அந்தத் தடத்தில்தான் கல் கூட்டிச் சமைப்பார்கள். விறகுக்குக் கன்டெய்னருக்குள் சரக்கு நகராமலிருக்க அடைக்கும் கட்டைகளை உடைப்பார்கள். கட்டை எரிந்து சாம்பலாகும். அதில் அடித்திருந்த நீள ஆணிகள் சாம்பலுக்குள் நிற்கும்.

ஒரு காலை, திரும்பி வரும் வழியில் பின்னால் வந்த சண்முகவேல் குரல் கொடுத்தான்.

"ஏய் வரதா, நில்லு. உன் காலடி செகப்பாக்கீது."

வரதன் காலைத் தூக்கிப் பார்த்தான். குதிகாலுக்குள் ஆணி தலைவரை ஏறியிருந்தது. எங்கே ஏறியதென்று அவனுக்குத் தெரியவில்லை. மண் தடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்த வழி நெடுக, ஒரு காலின் அச்சு மட்டும் ஈரமாய்ச் சிவந்திருந்தது.

"வலிக்கலியாடா?"

"எறும்பு கட்ச்ச மாதிரிகூட இல்ல மேஸ்திரி."

கோதண்டத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆணியைத் தன் கையாலேயே பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்கோங்கடா. வேற எவனாவது இருந்தா இந்நேரம் ஊரக் கூட்டியிருப்பான். ஹார்பர் காலுன்னா இதாண்டா."

சண்முகவேல்கூட அன்று கேலி செய்யவில்லை. வரதன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தான். தாயம்மா மஞ்சளைக் குழைத்துக் கட்டிவிட்டு, "ரெண்டு நாளைக்கி வூட்ல குந்தட்டும் அண்ணாத்தே" என்றாள்.

"குந்துனா ரத்தம் கட்டிக்கும்மா. நட்ந்தா ரத்தம் ஓடும், சீக்கிரம் ஆறிடும்."

அவள் அவர் பேச்சைக் கேட்டாள். வரதன் நடந்தான். அடுத்த நாளும் நடந்தான், அதற்கடுத்த நாளும். வலி இல்லையே, பிறகென்ன. காய்ச்சல் வந்த அன்றுதான் நின்றான். கட்டைப் பிரித்தபோது அறையே நாறியது. குதிகால் கறுத்து, கறுப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் காலை அழுத்தி அழுத்திக் கேட்டார்.

"ஆணி குத்தினப்ப வலிக்கலியா?"

"இல்ல சார்" என்றார் கோதண்டம், வரதனுக்கு முந்திக்கொண்டு. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் மிதப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஹார்பர்ல மூட்ட தூக்குன காலு சார்."

"மூட்டை தூக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சர்க்கரை நரம்பைக் கொன்னுடுச்சு. வலி தெரியலைன்னா கால் பலமா இருக்குன்னு அர்த்தமில்லைங்க, செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வரதனை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்த வாரம், காலையில் கோதண்டம் தலை எண்ண வந்து நின்றார். ஒருவரும் வரவில்லை. டீக்கடைக்குப் போனார். எல்லோரும் பழைய பெஞ்சில் இருந்தார்கள். எல்லோர் கையிலும் சர்க்கரை போட்ட டீ.

"நட்ந்தவன் காலு போச்சு. நடக்காதவன்லாம் காலோட கீறான்" என்றான் சண்முகவேல். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு குடியிருப்பு முழுக்கப் பரவிக் காலடிப்பேட்டைவரை போனது. அங்கே காலையில் நடந்துகொண்டிருந்த பெண்களையும் வீட்டில் தடுத்துவிட்டதாகக் கேள்வி.

அடுத்த முகாமுக்குத் தாயம்மாதான் வரதனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவர ஆள் பிடித்தாள். காயத்தைப் பார்த்த ரமாபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கோதண்டத்திடம் திரும்பினார்.

"செருப்பில்லாம நடக்காதீங்கன்னு மொதோ நாளே சொன்னேனே ஐயா. இவங்ககிட்ட சொல்லலியா நீங்க?"

தாயம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புருஷனின் வேட்டியை இழுத்து, வெட்டிய இடத்தை மூடினாள்.

அதன்பிறகு அவர் வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னார். நடந்ததால் கால் போகவில்லை. வெறுங்காலால் போனது, தன் வீம்பால் போனது. நடையை விடாதே, செருப்பை மாட்டு, தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார். மேஸ்திரியாக இருந்த காலத்தில்கூட அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

சண்முகவேல் கட்டிலில் படுத்தபடியே கேட்டான். அவன் முகம் மறுபடி உப்ப ஆரம்பித்திருந்தது.

"இது நெசமா நைனா?"

"சத்தியமாடா. டாக்டரே சொன்னாரு."

"வரதனுக்கு சொல்லாதத எனக்கு இன்னாத்துக்கு சொல்ற? அன்னிக்கி நீ சொன்னதும் நெசம்னுதான் நெனச்சோம்." அவன் சுவர்ப் பக்கம் புரண்டான். "வுட்று மேஸ்திரி. பேஜாரு பண்ணாத. சாவறவரைக்கும் ரெண்டு காலோட கெடந்துட்டு சாவறோம்."

பொய்யான பெருமையை அவர் சொன்னபோது மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றியவர்கள், உண்மையைச் சொன்னபோது ஒருவர்கூட மாட்டவில்லை. கோதண்டம் தனியாகவே நடந்தார். நிறுத்தினால் ஊர் சொல்வது சரியென்று ஆகிவிடும் என்ற ஒரே பிடிவாதத்தில் நடந்தார்.

மண் தடத்துக்குப் போக வரதன் வீட்டு வாசலைத் தாண்டியே ஆக வேண்டும். விடியும் நேரத்தில் வரதனைப் புழுக்கம் தாங்காமல் கீழே இறக்கி வாசலில் உட்கார்த்தியிருப்பார்கள். மிச்சமிருந்த காலை மடியில் வைத்துத் தாயம்மா விரல் விரலாகத் துடைத்துப் பார்ப்பாள். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டு வேகமாய்ப் போவார்.

ஒரு நாள் அவள் கூப்பிட்டாள். அண்ணாத்தே என்று சொல்லவில்லை.

"நில்லு."

நின்றார்.

"தினம் நீ இந்தாண்ட வேகமா போறப்ப இது உன் காலயே பாத்துகினு கீது. நீ திரும்பி வர்றவரைக்கும் ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. ஒயுங்கா ஒரு நாளு தூங்கலை." அவள் குரல் உயரவில்லை. "நீ நட. வேணாம்னு சொல்லல. நர்சம்மா சொன்னது நல்லதுதான், உன் ஒடம்புக்கு ஆவுது. ஆனா அந்தாண்ட ரோட்டு மேல நட. என் வாசல்ல நடக்காத."

வரதன், "சும்மா இரு தாயம்மா" என்றான். மேஸ்திரியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

சாலையில் லாரிகள் எண்ணூர்ப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தன. அவற்றின் நடுவே நடக்க இடமில்லை. கோதண்டம் கொஞ்ச நேரம் ஓரத்தில் நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போனார்.