கழற்றிப் போட்ட எஞ்சின்

என் தம்பி முகம்மது ஆசிப்புக்குப் பசி வந்தால்கூட முகத்தில் தெரியாது. பயம் வந்தால் மட்டும் காது சிவந்துவிடும். அன்று கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனம் போகும் வழி முழுக்க, பின் சீட்டில் உட்கார்ந்து அந்தச் சிவந்த காதுகளைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவன் ஓட்ட, பக்கத்தில் எங்களைப் பெற்ற அத்தா அமீர் பாட்சா. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். கார் அவர் பெயரில் இருக்கிறது. பதினைந்து வருடம் முடிந்துவிட்டதால், ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் காயலான் கடைதான்.

ஆசிப் விழுப்புரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிறான். கார் பைத்தியம். சோற்றில் கை வைத்தபடியே, தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு அதன் நோயைச் சொல்வான். இவனைப் பெண் பார்க்கக் கூட்டிப்போனால், பெண்ணை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் வண்டியைத்தான் பார்ப்பான்.

அத்தா போன் செய்யும்போதெல்லாம் அவனிடம் ஒன்றையே சொல்வார்: "ஓட்டிக்கோ, கழுவிக்கோ. எஞ்சின்ல மட்டும் கை வெக்காதடா." கேட்டானா? வண்டி நீலமாகப் புகை விடுகிறது என்று, போன வருடம் ஒலக்கூரில் ஷெட் வைத்திருக்கும் நண்பன் சேரனோடு சேர்ந்து எஞ்சினையே மாற்றிவிட்டான். விபத்தில் போன அதே மாடல் வண்டியின் எஞ்சின். முறையாக பில் போட்டு வாங்கியது. கார் பறந்தது. என்னிடம் மட்டும் சொன்னான்.

அத்தா வருகிறார் என்றதும் இவனுக்குத் தூக்கம் போயிற்று. ஆய்வில் எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அத்தா முன்னாலேயே குட்டு உடைந்துவிடும். அதனால் ஷெட்டில் சாக்குப் போர்த்திக் கிடந்த பழைய எஞ்சினை மறுபடி மாட்டினார்கள்.

"நம்பரைப் பாத்தியாடா?" என்று கேட்டேன்.

"அத்தா வண்டி, அத்தா எஞ்சின். அதுல இன்னா பாக்கறது?" என்று என் மேலேயே எரிந்து விழுந்தான். அவன் கவலையெல்லாம் புகையைப் பற்றித்தான்.

கிளியனூர் தாண்டும்போது அத்தா திடீரென்று, "டேய், பேசாம வித்துடலாமா? எதுக்கு இந்த பேஜாரு?" என்றார்.

"இன்னாத்தா, இவ்ளோ தூரம் வந்துட்டு!"

அத்தா கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்தான் என்று நினைத்தேன். குவைத் வெயிலில் வேலை பார்க்கிறவருக்குத் திண்டிவனம் வெயில் ஒரு வெயிலா என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

முதலில் புகைப் பரிசோதனை. அங்கிருந்த பெண் சைலன்ஸருக்குள் குழாயைச் செருகினாள். ஆசிப் நகம் கடித்தான். யா அல்லாஹ், இன்றைக்கு மட்டும் காப்பாற்று என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"பார்டர்ல பாஸ்" என்றாள் அவள். ஆசிப் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டான்.

பிறகு ஆய்வு. ஆய்வாளர் கோதண்டபாணி பிரேக், விளக்கு எல்லாம் பார்த்தார். சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். சரியாக இருந்தது. அடுத்து எஞ்சின். கிரீஸைத் துடைத்து டார்ச் அடித்தார். ஆர்.சி.யைப் பார்த்தார், மறுபடி எஞ்சினைப் பார்த்தார்.

"இது வேற எஞ்சினாச்சே?"

"இல்ல சார்... இதான் சார் பழசு..." ஆசிப் உளறினான். தப்பான எஞ்சினை மாட்டித் தொலைத்தானா, அறிவுகெட்டவன்!

"அவன ஒண்ணும் கேக்காதீங்க சார்" என்றார் அத்தா. "நான்தான் மாத்தனேன். அஞ்சாறு வருசம் ஆவுது. லீவுல வந்தப்ப எஞ்சின் ஜாம் ஆயிட்ச்சி. காரே வேணாம்னு வூட்ல இவங்கம்மா ஒரே சண்டை. அவளுக்குத் தெரியாம பழசு ஒண்ண வாங்கி மாட்டிட்டேன்."

ஆசிப் வாயைப் பிளந்தபடி நின்றான். எஞ்சினில் கை வைக்காதே என்று வருடக்கணக்கில் அவர் சொன்னது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பில் இருக்குங்களா?"

"இல்லீங்க சார்."

"பில் இல்லாத எஞ்சினுக்கு நான் எப்படிங்க கையெழுத்து போடறது?"

அத்தா காரின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசிப் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவன் தப்பித்தான். கார் மட்டும் போய்விடும்.

"சார்" என்றான். "இன்னொரு எஞ்சின் இருக்கு சார். அதே மாடலு. அதுக்கு பில் இருக்கு."

"எங்க இருக்கு?"

"ஒலக்கூர்ல. போன வாரம் வரைக்கும் இந்த வண்டிலதான் சார் இருந்திச்சி."

அத்தா மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தார்.

"மனு எழுதி, பில்லோட மாட்டிக்கினு வாங்க. பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அடுத்த வண்டிக்குப் போனார்.

அறை விழப்போகிறது என்று நான் இடையில் போய் நின்றேன். அத்தா காரில் ஏறி உட்கார்ந்தார்.

"நல்லா இழுக்குமாடா, அது?"

"சூப்பரா இழுக்கும்த்தா."

"ஒலக்கூருக்கு வுடு."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மா. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தாவின் காதுகளும் சிவந்திருந்தன.